போக்குவரத்து

எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் ஒரு வீட்டாரைப் பற்றி விசாரிக்கும்போது, அவர்கள் சொந்தமா அந்நியமா என்று கேட்பதைக் காட்டிலும், "அந்த வீட்டோடு உங்களுக்குப் போக்குவரத்து உண்டா?" என்று கேட்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். இரத்த சம்பந்தம் இருந்தும் போக்குவரத்து அற்றுப்போன வீடுகள் உண்டு. யாதொரு சம்பந்தமும் இல்லாதிருந்து, போவதனாலும் வருவதனாலுமே சொந்தமாகிவிட்ட வீடுகளும் உண்டு. பிற்காலத்தில் இந்தச் சொல் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் உரியதாகி, சர்க்கார் இலாகா ஒன்றின் பெயர்ப்பலகையிலும் ஏறிவிட்டது. ஆயினும் அதன் பழைய அர்த்தமும் புதிய அர்த்தமும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்பதை, 2024-ஆம் ஆண்டு தை மாதத்தில், என் அறுபத்துமூன்றாவது வயதில், தன்னந்தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு கோட்டூர்புரத்திலிருந்து திருநெல்வேலி வரை சென்று திரும்பிய பன்னிரண்டு நாட்களில் நான் நன்றாக உணர்ந்தேன்.

அடையாற்றின் தென்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சிறு குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்தவள் நான். காவிரிக்கு ஒரு பாடம், தாமிரபரணிக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிய அந்த வகுப்புகளில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற அடையாற்றுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் கொடுத்ததில்லை. அந்தப் பிழையை ஆறு 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இரவு எனக்கு எடுத்துக்காட்டியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் திறந்துவிடப்பட, அதனோடு வழியிலுள்ள சிற்றேரிகளின் உபரி நீரும் நகரத்து மழையும் கூடிக்கொண்டு, நள்ளிரவில் எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தன. நானும் என் கணவரும் மாடி வீட்டாரிடம் அடைக்கலம் புகுந்தோம். விடிந்தபோது எங்கள் தெருவில் படகு போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்து, முழங்கால் அளவு சேறு மாத்திரம் மிச்சமாக நின்ற அந்த வாரத்தில், ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து வீட்டார் எங்களைத் தேடி வந்தார்கள். யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. அழைப்பதற்குத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. திருக்கோவலூரிலிருந்து வந்த தோழி, கட்டிக்கொள்ளப் புடவையும் கொதிக்கக் காய்ச்சிய குடிநீரும் கொண்டுவந்தாள். உறையூர்ச் சித்தி தன் மகனிடம் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றையும் அரிசி மூட்டையையும் கொடுத்தனுப்பியிருந்தாள். மதுரையிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன், மண்வெட்டியும் துடைப்பமுமாக ஆறு சிநேகிதர்களுடன் வந்து, இரண்டு நாட்கள் சேற்றை வாரிக் கொட்டினான். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து என் கணவரின் நண்பர், உளுந்தும் கடலைமிட்டாயும் சுமந்து வந்து சேர்ந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பாயும் போர்வையும் பாத்திரங்களும் நிறைந்த வேனில் ஓர் இரவு முழுதும் உட்கார்ந்தே வந்தவர், வீட்டைக் கழுவி முடித்த பின்பு ஒரு பென்சிலை எடுத்து, கூடத்துச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தில் ஒரு கோடு கிழித்து, அதன் பக்கத்தில் தேதியையும் எழுதி வைத்தார். "இதை வெள்ளையடிச்சு மறைச்சிராத. பின்னால வாரவங்களுக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஐந்து வீடுகளுக்கும் நேரில் சென்று நன்றி சொல்ல வேண்டும் என்று நானும் என் கணவரும் சங்கற்பித்துக்கொண்டோம். வருஷங்கள் கடந்தன, போகவில்லை. 2019-இல் அவர் காலமானார். 2021-ஆம் ஆண்டு வைகாசியில், ஊரே கதவடைத்துக் கிடந்த நோய்க்காலத்தில், திருநெல்வேலி அண்ணனும் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அப்போது எவரும் எங்கும் செல்ல இயலாதிருந்தது மெய்தான். ஆனால் தடை நீங்கிய பின்பும் நான் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. மதினியுடன் தொலைபேசியில் பேசியதையே போதுமென்று வைத்துக்கொண்டேன். நம்மவர்களிடையே கலியாணத்துக்குப் போகாத குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு. துக்கத்துக்குப் போகாத குற்றத்துக்கு அது எளிதில் கிடைப்பதில்லை என்பதை அறியாதவள் அல்ல நான்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னையை நீரில் ஆழ்த்தியது. அதிலிருந்து நாங்கள் தலை நிமிர்வதற்குள், 17-ஆம் தேதியும் 18-ஆம் தேதியும் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை என்று கேட்டபோது, மழையளவு அட்டவணைகளை ஆயுள் முழுதும் கற்பித்த எனக்கே நம்ப முடியவில்லை. மதினியின் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றங்கரையில். மூன்று நாட்கள் அழைத்தும் மணி ஒலிக்கவே இல்லை. நான்காம் நாள் அவருடைய குரல் கேட்டது. "இடுப்பளவு வந்துச்சு தாயி, வடிஞ்சிருச்சு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த பென்சில் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் கழிந்ததும் புறப்படுவது என்று அப்போதே நிச்சயித்தேன்.

கார், என் கணவர் விட்டுச் சென்றது, சிறியது, பழையது. அவர் போன பின்பு, ஐம்பத்தெட்டாம் வயதில் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியவள் நான். மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அப்பால் அதை நான் கொண்டுபோனதில்லை. பின் ஆசனத்தை மடக்கி, ரங்கநாதன் தெருவில் வாங்கிய எவர்சில்வர் பாத்திரங்களையும், பத்தமடைப் பாய் விளைகிற பிரதேசத்துக்கே பாய் கொண்டுபோவதா என்று தயங்கிப் பின் வாங்கிய இரண்டு மெத்தை விரிப்புகளையும், போர்வைகளையும், மற்ற நான்கு வீடுகளுக்கான சிறு சிறு பொருள்களையும் அடுக்கினேன். ரெயிலில் போனால் ஓர் இரவுப் பிரயாணம். ஆனால் ரெயிலில் போகிறவள் ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும். எனக்கோ ஐந்து வீடுகள் இருந்தன.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, காந்தி மண்டபம் சாலை வழியே கிண்டிக்குத் திரும்பியபோது, வலப்புறம் சற்றுத் தூரத்தில் அடையாற்றைக் கடக்கும் சைதாப்பேட்டைப் பாலம் நினைவுக்கு வந்தது. இன்று அங்கே மறைமலையடிகள் பெயரால் நிற்கும் பாலத்துக்கு முன்னோடியாக, 1726-ஆம் ஆண்டில், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம்முடைய சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஒரு பாலம் கட்டினார். பறங்கிமலைக்கு யாத்திரை போகிறவர்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்படுவதைக் கண்டு அவர் செய்த தர்மம் அது. இந்நகரத்தில் பிறவாத ஒருவர், முன்பின் அறியாதவர்கள் ஈரமின்றி அக்கரை சேரவேண்டும் என்று எண்ணியிருக்கிறார். பாலம் கட்டுவதைக் காட்டிலும் போக்குவரத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் வேறில்லை.

தாம்பரம், வண்டலூர் தாண்டி, திறந்து மூன்று வாரமே ஆகியிருந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தின் விளக்குகளைக் கடந்து, செங்கற்பட்டில் கொளவாய் ஏரியின்மேல் பொழுது புலர்வதைக் கண்டேன். அப்பால் பாலாறு. மணல்தான் பெரும்பகுதி, நடுவே வெள்ளிக் கம்பிபோல் கொஞ்சம் நீர். மதுராந்தகத்தில், ஏரியின் கரை உடையவிருந்த மழை இரவில் வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டதாகச் சொல்லப்படும் ஐதிகத்தின் நாயகனான ஏரி காத்த ராமரை, வெள்ளம் கண்டவளுக்குரிய பக்தியோடு தரிசித்துக்கொண்டேன். திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம். அங்கிருந்து மேற்கே திரும்பி, கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து, தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரைப் பதினோரு மணிக்கு அடைந்தேன்.

பாலாறும் தென்பெண்ணையும் கர்நாடகத்து நந்தி மலைப் பிரதேசத்திலேயே உற்பத்தியாகின்றன. ஒரே தாய் வீட்டில் பிறந்த இரண்டு பெண்களைப் போல, ஒருத்தி வேலூர்ப் பக்கமாகவும் மற்றொருத்தி கிருஷ்ணகிரிப் பக்கமாகவும் வாழ்க்கைப்பட்டுப் போய், ஒருத்தி சதுரங்கப்பட்டினத்துக்கு அருகிலும் மற்றொருத்தி கடலூரிலும் சமுத்திரத்தை அடைகிறார்கள். வழியில் அவர்கள் சந்திப்பதே இல்லை. இதை வகுப்பில் முப்பது தடவை சொல்லியிருக்கிறேன். ஒரே காலைப் பொழுதில் இரண்டு பாலங்களையும் நானே ஓட்டிக் கடந்தபோதுதான், அது பாடமாக இல்லாமல், எங்கள் குடும்பங்களின் கதையாக எனக்குப் பட்டது.

சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏண்டி, தனியாவா ஓட்டிக்கிட்டு வந்தே!" என்று அதட்டியவள், என் பதிலை எதிர்பாராமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். திருக்கோவலூர் என்றால் விருந்தோம்பலின் ஊர். மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் அங்கே ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருக்க, பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று அமர்ந்தார்கள். பேயாழ்வாரும் வரவே, இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். அந்த நெருக்கத்தில் நாலாவதாகப் பெருமாளே வந்து புகுந்தான் என்பது ஐதிகம். இந்தக் கதையின் சாரத்தைத் தோழியின் வீட்டில் கண்டேன். இரண்டே அறைகள் கொண்ட அந்த வீட்டில், கல்லூரித் தேர்வுக்குப் படிக்கும் பேத்தி தன் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, புத்தகங்களோடு நடைக்குப் போய்விட்டாள். நான் வேண்டாமென்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இடம் என்பது சுவர்களால் ஆவதன்று, நகர்ந்து கொடுக்கிறவர்களால் ஆவது என்று உலகளந்த பெருமாளின் ஊரில் நான் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் உளுந்தூர்ப்பேட்டை வழியே மீண்டும் நெடுஞ்சாலையில் ஏறி, தொழுதூரில் வெள்ளாற்றையும், பெரம்பலூர் தாண்டிச் சமயபுரத்துக்கு அப்பால் கொள்ளிடத்தையும், அடுத்து காவிரியையும் கடந்தேன். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இடையே ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டு, கல்லணையருகே இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. பிரிகிற இடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டினார். நெருங்குகிற இடத்தில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. காட்டன் அந்தப் பழைய அணையைப் பார்த்துப் பாடம் கற்றவர். அன்று காவிரியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கோட்டை நிழல் விழாத தூரத்தில் நின்றுகொண்டு என்னை வரவேற்றது.

உறையூரில் வெக்காளியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, சித்தியின் வீடு. வானமே கூரையாக வீற்றிருக்கும் அந்த அம்மன்தான் 2015-இல் தன் மகனை அடுப்போடு சென்னைக்கு அனுப்பச் சொன்னாள் என்பது, எண்பத்து நான்கு வயதான சித்தியின் நம்பிக்கை. அந்த அடுப்பை நான் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்து இப்போது திருப்பிக் கொண்டுவந்ததைக் கண்டதும், "அடுப்பைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதும்மா. நெருப்பும் உப்பும் கொடுத்தா கொடுத்ததுதான்" என்று சிறிது கோபமாகவே சொன்னாள். அடுப்பு காரிலேயே இருந்துவிட்டது.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோப்பெருஞ்சோழனின் நினைவாகவே இருந்தது. இதே உறையூரில் அரசாண்டவன் அவன். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார் என்ற புலவருக்கும் அவனுக்கும் உயிர்ச் சிநேகம். ஆனால் ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டதே இல்லை. புத்திரர்களோடு பகை மூண்டு, சோழன் மனம் வெறுத்து வடக்கிருக்கத் துணிந்தபோது, தன் பக்கத்தில் பிசிராந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். இவ்வளவு தூரத்திலிருந்து, இதுவரை வராதவர் இப்போது வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயுற்றார்கள். அவர் வந்தார், வந்து அந்த இடத்தில் அமர்ந்தார். புறநானூறு காத்து வைத்திருக்கும் இந்தச் சரித்திரத்தை, பார்க்காமலேயே நட்பு நிலைக்கும் என்பதற்கு உதாரணமாக நாம் சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணி, தொலைபேசியில் பேசினால் போதாதா என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உறையூர்த் திண்ணையில் உட்கார்ந்து நினைத்தபோது கதையின் மறுபாதி கண்ணுக்குத் தெரிந்தது. பிசிராந்தையார் கடைசியில் நடந்து வந்தார் அல்லவா? அவர் வராமல் போயிருந்தால், ஒதுக்கி வைத்த அந்த இடம் வெறுமையாகவே இருந்திருக்கும். நட்பும் ஒரு செய்தியாகவே நின்றிருக்கும். அவர் பாண்டி நாட்டிலிருந்து வந்த திசைக்கு எதிர்த்திசையில் மறுநாள் நான் போகவேண்டியிருந்தது.

மயில்கள் அகவும் விராலிமலையையும் துவரங்குறிச்சியையும் கடந்து மேலூரை நெருங்கியபோது, சாலையின் இருபுறமும் வயல்கள் பசுமை கொண்டிருந்தன. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீரை, 1895-இல் முடிந்த அணையினாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தினாலும் கிழக்கே திருப்பி, வைகையோடு சேர்த்த பென்னிகுயிக்கின் முயற்சியால் விளைந்த பசுமை அது. யானைமலை படுத்திருக்கும் தோற்றத்தைக் கண்டதுமே மதுரை வந்துவிட்டது என்று நெஞ்சு சொல்லிற்று. என் மாணவன் இப்போது தானும் ஒரு பள்ளி ஆசிரியன். "டீச்சர், பாலாறு பிறக்கிற மலை எதுன்னு என்னை எழுப்பிக் கேட்டு நிக்க வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். எனக்கு ஞாபகம் இல்லை. முந்தாநாள்தான் அந்த ஆற்றைக் கடந்து வந்தேன் என்றேன். அவன் சேறு வாரிய கையினால் இரவு என் இலையில் இட்லி பரிமாறினான். அவனுடைய மனைவி, "உங்களைப் பத்திப் பேசாத நாளில்லை, டீச்சர்" என்று சொன்னபோது, இத்தனை வருஷம் வராமல் இருந்துவிட்டோமே என்று உள்ளுக்குள் கூசினேன்.

மதுரைக்குத் தெற்கே போகிற சாலை, ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. எண் மாறுவதற்கு முன்பு, காசியிலிருந்து குமரி வரை சென்ற 7-ஆம் எண் சாலையின் கடைசிப் பகுதியாக இது இருந்தது. விருதுநகர், சாத்தூர் என்று போகப் போகச் செம்மண் கறுத்து, கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் விரிந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, சாலையோரமாகவே இருக்கிறது இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்து, பால்யம் முதல் சிநேகிதர்களாக வளர்ந்த ஊர். அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் பிரயாணப்பட்டார். ராஜநாராயணன் நெடுங்காலம் கரிசலிலேயே இருந்தார். கடிதங்கள் அவர்களுக்கிடையே போய்வந்தன. அழகிரிசாமி 1970-இல் மறைந்த பின்பும், கி. ரா. அரை நூற்றாண்டு இருந்து நண்பரை எழுதிக்கொண்டே இருந்தார். சின்னஞ்சிறு ஊர் ஒன்றின் இரண்டு சிநேகிதர்களும் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார்கள் என்பதைப் பலரும் வியந்து சொல்வதுண்டு. ஒருவர் இன்னொருவருக்காக எழுதியதனாலேயே இருவரும் எழுத்தாளரானார்களோ என்று அந்தப் பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தி இறங்கி நின்றபோது எனக்குத் தோன்றியது.

என் கணவரின் நண்பர் வீடு அங்கிருந்து சற்றுத் தூரம். டிசம்பர் மழையில் அவருடைய உளுந்து முழுதும் அழுகிப் போயிருந்தது. "மழை வரலைன்னு அழுதோம், இப்ப வந்துச்சுன்னு அழுதோம், மண்ணு அழல, தங்கச்சி. அடுத்த வெதைப்புக்குத் தயாரா நிக்குது" என்றார். என்னைக் காரிலிருந்து இறக்கிய கையோடு, என் கணவர் உட்கார்ந்து எப்போதும் ஓட்டிய ஆசனத்தின் மேல் தம் கையை வைத்து, ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் நின்றார். பிறகு டயரை உதைத்துப் பார்த்து, காற்றுக் குறைவு என்று சொல்லி, தாமே எடுத்துப் போய்க் காற்றடித்துக் கொண்டுவந்தார்.

கயத்தாற்றில், 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைக் கடந்த பின்பு, என் கைகள் ஸ்டியரிங்கில் வேர்க்கத் தொடங்கின. நான்கு வீடுகளிலும் நான் விருந்தினளாகப் போனேன். ஐந்தாவது வீட்டுக்குக் குற்றவாளியாகப் போய்க்கொண்டிருந்தேன். மதினி எப்படி வரவேற்பார், வரவேற்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நேராகச் சிந்துபூந்துறைக்குப் போகாமல், சுற்றிக்கொண்டு போய்ச் சுலோசன முதலியார் பாலத்தருகே சிறிது நேரம் நின்றேன்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, தமிழ் நாட்டு மண்ணிலேயே ஓடி, புன்னைக்காயலில் தமிழ்க் கடலிலேயே கலக்கும் நதி. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பாலம் இல்லாத காலத்தில், வெள்ளம் வந்தால் இரண்டு ஊர்களும் இரண்டு தேசங்கள் ஆகிவிடும். அந்நாளில் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் கொடுத்துப் பாலம் கட்ட முன்வந்தார். 1840-இல் தொடங்கிய வேலை 1843-இல் நிறைவேறியது. இன்றும் அதன்மேல் பஸ்கள் போகின்றன. அடையாற்றின் மேல் ஓர் ஆர்மீனியர், தாமிரபரணியின் மேல் ஒரு தமிழர். இருவருக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேல். இருவரும் தங்கள் செல்வத்தை ஆற்றில் போட்டவர்கள், ஆனால் வீணாகப் போட்டவர்கள் அல்லர். ஆறு போகும், திரும்பாது. போகிறவர் திரும்பவும் வரும்படி செய்வது பாலம்.

பாலத்தடியில், மரக்கிளைகளில் சிக்கிய கந்தல் துணிகள் வெள்ளத்தின் உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அருகில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அந்த டிசம்பர் நாட்களின் கதையைச் சொன்னார். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், தண்டவாளத்தின் கீழ் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பிரயாணிகள் நாற்புறமும் நீர் சூழச் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடிக் கிராமத்தார், தங்கள் வீடுகளிலேயே வெள்ளம் நிற்க, இருந்த அரிசியைத் திரட்டிச் சமைத்து, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் சோறு போட்டார்கள். பத்திரிகையில் படித்த விஷயந்தான். எனினும் அந்தக் கரையில் நின்று கேட்டபோது அது வேறாக இருந்தது. முகம் தெரியாதவர்களுக்கே அப்படிச் செய்த பூமியில், முகம் தெரிந்த நான் பயந்து நிற்பது என்ன நியாயம் என்று எண்ணி, காரை எடுத்தேன்.

வாசலில் மதினி, வெயிலில் காய வைத்த பழைய ஆல்பத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் காலடியில் விழுந்தேன். அண்ணனுக்காக மூன்று வருஷம் தாமதித்த அழுகை அங்கேதான் வந்தது. அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "வா தாயி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் உரிமை இருந்தது. அந்நியரை எவரும் அப்படிக் கேட்பதில்லை. போக்குவரத்து அறவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

நான்கு நாட்கள் அங்கே தங்கினேன். பாத்திரங்களை இறக்கினோம், விரிப்புகளை விரித்தோம், உறையூர் அடுப்பு, எவருக்கும் திருப்பிக் கொடுக்கப்படாமல், சரியான வீட்டைத் தானே வந்தடைந்தது. படங்களை உலர்த்தினோம். கன்னியாகுமரி இன்னும் 85 கிலோமீட்டர்தான், இவ்வளவு தூரம் வந்தவள் முனையைத் தொட்டுவிட்டுப் போகக் கூடாதா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். பூகோள ஆசிரியைக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் என் வரைபடம் சிந்துபூந்துறையோடு முடிந்துவிட்டது. எனக்கு உரிய வீடு எதுவும் அதற்குத் தெற்கே இல்லை. நாலாம் நாள் இரவு, "சுவர் காயிற வரைக்கும் நீங்க என்னோட வந்து இருங்க, மதினி" என்றேன். எழுபது வருஷத்தில் அவர் மதுரைக்கு வடக்கே போனதில்லை. நெடுநேரம் பதில் சொல்லவில்லை. காலையில் பார்த்தால், ஒரு பை நிறையத் துணியும், சம்படத்தில் எலுமிச்சை ஊறுகாயும், வாசலில் தயாராக இருந்தன.

வரும்போது தனிமையில் நான் எண்ணிய ஆறுகளை, திரும்பும்போது ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். வைகையில் தண்ணீர் இல்லையே என்று வருந்தினார். காவிரியைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி, ஓரமாக இறங்கிக் கும்பிட்டார். வழியில் மதுரையிலும் உறையூரிலும் மட்டும் தங்கினோம். இரண்டு வீடுகளிலும் மதினியை முன்பே அறிந்தவர்கள் போலவே நடத்தினார்கள். பாலாற்றைக் கடந்து கிண்டியை அடைந்தபோது இருட்டிவிட்டது. வீட்டுக்கு நேர் வழி இருக்க, சைதாப்பேட்டைப் பாலத்தின்மேல் ஓட்டிச் சென்று, நந்தனத்தில் திரும்பி, கோட்டூர்புரம் பாலத்தின் வழியே அடையாற்றை மறுபடி கடந்து வந்தேன். ஏன் சுற்றினேன் என்று மதினி கேட்கவில்லை. "இதுதான் அந்த ஆறா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் விளக்கைப் போட்டதும் அவர் கண்கள் கூடத்துச் சுவரைத் தேடின. பென்சில் கோட்டின் அருகில் சென்று, தேதியை விரலால் தடவினார். "ஒங்க அண்ணன் எழுத்துதான். ஒண்ணுக்குத் தலையில கொம்பு போடுவாரு" என்றார். பிறகு, கையை விரித்து, கோட்டிலிருந்து கீழே ஒரு சாண், இரண்டு சாண் என்று அளந்து நிறுத்தி, "எங்க வீட்டுல இது மட்டும்தான் வந்துச்சு. ரெண்டு சாண் கம்மி" என்று சொல்லிவிட்டு, ஊறுகாய்ச் சம்படத்தை எடுத்துக்கொண்டு அடுக்களை எந்தப் பக்கம் என்று கேட்டார்.